ஓரமாக எடுத்து வைத்த சீட்டு

பல்கலைக்கழகத்தின் சமூகத் தொடர்புப் பிரிவில் எனக்கு என்ன வேலை என்று கேட்டால், கூட்டம் நடத்துவது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். அரங்கம் பிடிப்பது, பேச்சாளரிடம் தேதி வாங்குவது, அழைப்பிதழ் அனுப்புவது, மைக் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, கடைசியில் பார்வையாளர்கள் எழுதிக் கொடுக்கும் கேள்விச் சீட்டுகளைப் பிரித்து அடுக்குவது. இதில் கடைசி வேலையைத்தான் நான் ரொம்ப நாள் சாதாரணமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தக் கேள்வி மேடைக்குப் போகும், எது போகாது என்பது அந்த ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. முடிவு செய்கிறவன் நான்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று சொன்னது. அந்த மாதம் முடிவதற்குள் எங்கள் வளாகம் பூட்டப்பட்டது. ஏப்ரலில் உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே இருப்பதாக யுனெஸ்கோ கணக்குச் சொன்னது. எங்கள் கூட்டங்களும் ஜூமுக்குப் போயின. திரையில் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசிவிட்டு, "கேக்குதா? எல்லாருக்கும் கேக்குதா?" என்று பேச்சாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

வளாகம் மறுபடி திறந்ததும், 2022-இல், பொதுமக்களும் வந்து கலந்துகொள்கிற மாதிரி எட்டு உரைகள் நடத்தலாம் என்று துணைவேந்தர் கூட்டிய கூட்டத்தில் முடிவானது. சுகாதாரம், கல்வி, வேலை, நகரம், உணவு வழங்கல், தகவல் என்று தலைப்புகள். பொதுத் தலைப்பு: "பெருந்தொற்றுக்குப் பிறகு – சமூக அமைப்புகளை மறுபடி யோசிப்போம்." எனக்கு அந்தத் தலைப்பு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு வருடம் எல்லோரும் பட்ட பாட்டுக்கு ஏதாவது அர்த்தம் கிடைக்க வேண்டும் என்ற ஏக்கம் அப்போது யாருக்குத்தான் இல்லை?

முதல் உரை மருத்துவ வரலாறு படித்த ஒரு பேராசிரியருடையது. 1854-இல் லண்டனில் சோஹோ பகுதியில் பரவிய காலராவைப் பற்றிப் பேசினார். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைத் தேடித் தேடிக் கணக்கெடுத்து, பிராட் ஸ்ட்ரீட்டில் இருந்த அடிபம்பின் தண்ணீர்தான் காரணம் என்று காட்டினார். பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். இதுவரை நானும் படித்திருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததை அன்றுதான் கேட்டேன். தொற்று அடங்கியதும் கைப்பிடியைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். கெட்ட காற்றுதான் நோயைக் கொண்டுவருகிறது என்ற பழைய நம்பிக்கையை அதிகாரிகள் விடவில்லை. 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே நுழைந்தது. பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்த திரைகளை ஜன்னல்களில் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. நகரத்துக்கு முழுச் சாக்கடை அமைப்பு வேண்டும் என்ற சட்டம் அதன் பிறகு சில வாரங்களிலேயே நிறைவேறியது. அந்தக் கோடையின் ஜூன் மாதத்தில்தான் ஸ்னோ இறந்துபோனார்.

பேராசிரியர் இன்னொன்றும் சொன்னார். 1866-இல் லண்டனைக் காலரா கடைசியாகப் பெரிய அளவில் தாக்கியபோது, அதிகம் செத்தவர்கள் கிழக்கு லண்டன்காரர்கள். புதிய சாக்கடை வலையில் அந்தப் பகுதியை அப்போது இன்னும் இணைத்து முடிக்கவில்லை. இதைக் கேட்டதும் அரங்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. நான் நோட்டில் "கிழக்கு லண்டன்" என்று மட்டும் எழுதி அடிக்கோடு போட்டேன். ஏன் போட்டேன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டாவது உரை காற்றைப் பற்றியது. கோவிட் காற்றில் பரவாது என்று 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் அடித்துச் சொன்னதும், ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து அதை மறுத்துக் கடிதம் எழுதியதும், பிறகு அந்த நிலைப்பாடு மெல்ல மெல்ல மாறியதும் எல்லாம் வந்தன. பேசிய பொறியாளர் கையோடு ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் கொண்டுவந்திருந்தார். நாம் வெளியே விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 சதவீதம். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது அப்போது. அதனால் அறைக்குள் அந்த எண் ஏற ஏற, பக்கத்தில் இருப்பவர் விட்ட மூச்சையே நாம் இழுக்கிறோம் என்று பொருள். மீட்டரை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தார். ஏசி ஓடியது, ஜன்னல்கள் சாத்தியிருந்தன. முக்கால் மணி நேரத்தில் எண் 1,900-ஐத் தொட்டது. "இப்ப ஜன்னலைத் திறங்க" என்றார்.

ஜன்னல் கொக்கிகள் பெயின்ட் அடித்து இறுகிக் கிடந்தன. எங்களில் யாருக்கும் திறக்க வரவில்லை. கடைசி வரிசையில் நின்றிருந்த தூய்மைப் பணியாளர் ஒருவர் முன்னால் வந்து, கொக்கியின் அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி, மேலே தூக்கி, இழுத்தார். திறந்துகொண்டது. அடுத்த ஜன்னல், அதற்கடுத்தது. பத்து நிமிடத்தில் எண் 900-க்குக் கீழே இறங்கியது. எல்லோரும் கைதட்டினோம். மீட்டரைப் பார்த்துக் கைதட்டினோம்.

அன்றைய கேள்விச் சீட்டுகளில் ஒன்று, நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். பென்சில் எழுத்து. "காய்ச்சல் வந்தா வீட்ல இருங்கனு சொல்றாங்க. இருந்தா அந்த நாள் சம்பளம் கிடையாது. நாங்க என்ன பண்றது?" பெயர் இல்லை. படித்தேன். உரை காற்றோட்டம் பற்றியது, இது சம்பளம் பற்றியது, தலைப்புக்குப் பொருந்தாது என்று நினைத்து ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன். மேடைக்கு ஆறு சீட்டுகள் போயின. அவற்றில் நான்கு, எந்த மீட்டர் வாங்கலாம், எங்கே கிடைக்கும் என்று கேட்டவை.

அந்தச் சீட்டை நான் குப்பையில் போடவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம். கோப்பில் செருகியிருந்தேன்.

நடுவில் நடந்த உரைகளை விட்டுவிடுகிறேன். நல்ல உரைகள்தான், ஆனால் மற்ற இடங்களிலும் கேட்டிருக்கக்கூடியவை. ஆறாவது உரை வேலையைப் பற்றியது. 2020-இல் உலகம் முழுக்க வேலை நேரத்தில் 8.8 சதவீதம் போய்விட்டது, அது 25.5 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்கோடு பேச்சாளர் ஆரம்பித்தார். பிறகு பின்னோக்கிப் போனார். 1883-இல், பிஸ்மார்க் ஆட்சித் தலைவராக (சான்சலர்) இருந்த ஜெர்மனி கொண்டுவந்த நோய்க் காப்பீட்டுச் சட்டத்தில், உடம்பு சரியில்லாத தொழிலாளிக்குப் பாதிச் சம்பளம், 13 வாரம் வரை. ஆனால் முதல் மூன்று நாளுக்கு எதுவும் கிடையாது. அந்த மூன்று நாள் காத்திருப்பு என்ற ஏற்பாடு அதன் பிறகு எத்தனையோ நாடுகளின் சட்டங்களில் ஏறிவிட்டது. பிரிட்டனிலும் நோய்க்காலச் சம்பளத்துக்கு அப்படிக் காத்திருப்பு நாள்கள் இருந்தன. 2020 மார்ச்சில் கோவிட் வந்தவர்களுக்காக அதை நிறுத்தி வைத்தார்கள். 2022 மார்ச்சில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அமெரிக்காவில் கோவிட்டுக்காகக் கட்டாயமாக்கிய சம்பளத்துடன் கூடிய இரண்டு வார விடுப்பும் 2020 டிசம்பரோடு முடிந்துபோனது.

"தொற்றும் நோய் வந்த ஒருவருக்கு முதல் மூன்று நாள்தான் முக்கியம். அந்த மூன்று நாளைத்தான் நாம் அவர் தலையில் கட்டியிருக்கிறோம்" என்றார் அவர். கழற்றிய கைப்பிடியைத் திரும்ப மாட்டிய கதை எனக்கு உடனே ஞாபகம் வந்தது. கூடவே அந்தப் பென்சில் சீட்டும். அலுவலகத்துக்கு ஓடிப்போய்க் கோப்பை எடுத்து வந்தேன். கேள்வி நேரத்தில் அதையே முதலாவதாகக் கொடுத்தேன். நெறியாளர் அதை இரண்டு முறை படித்தார், ஒரு முறை தனக்குள், ஒரு முறை மைக்கில். பேச்சாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு முன்வரிசையைப் பார்த்து, "இதுக்கு நான் பதில் சொல்றதைவிட இந்தப் பல்கலைக்கழகம் சொல்றதுதான் சரி" என்றார்.

மறுநாள் நிதிப் பிரிவில் போய், தூய்மைப் பணியாளர்களுக்குக் காய்ச்சல் நாளுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டேன். "அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே, ஒப்பந்தக்காரர் பாத்துக்கணும்" என்றார்கள். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "சார், டெண்டர்ல அதுக்குக் காசு இல்ல. வர்ற ஆளுக்குத்தான் பில் போட முடியும்" என்றார். டெண்டரை வாங்கிப் படித்தேன். பதினெட்டுப் பக்கம். பினாயில் எத்தனை லிட்டர், துடைப்பம் எத்தனை, கழிப்பறையை ஒரு நாளைக்கு எத்தனை முறை கழுவ வேண்டும் எல்லாம் இருந்தது. கழுவுகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன என்பது எங்கும் இல்லை. குறைந்த விலை கேட்பவருக்கே வேலை என்பது விதி. நான் விடுப்புக்கும் சேர்த்துக் கணக்குப் போடுகிறேன் என்று நல்ல மனதோடு வருகிற ஒப்பந்தக்காரர் முதல் சுற்றிலேயே தோற்றுவிடுவார். யாரும் கெட்டவர் இல்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்ட இடம் விட்டு அந்தத் தாள் எழுதப்பட்டிருந்தது. அதுவரை நடந்த உரைகளில் நாங்கள் "அமைப்பு" என்று சொன்னபோதெல்லாம் என் மனதில் அரசாங்கம், சந்தை, மருத்துவமனை என்றுதான் படம் ஓடியது. அந்த வார்த்தைக்கு என் மேஜையிலேயே பதினெட்டுப் பக்கம் இருந்தது எனக்குத் தெரியவில்லை.

சீட்டு எழுதியவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் ஒரு நாள் காலை, ஜன்னல் திறந்த அந்த அக்காவே என் அறை வாசலில் நின்று, "சார், அது நான்தான் எழுதுனேன். பிரச்சினை எதுவும் ஆயிடலையே?" என்று கேட்டார். பிரச்சினை இல்லை அக்கா, உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. இரண்டாவது அலையில் காய்ச்சலோடு நான்கு நாள் வேலைக்கு வந்ததாகச் சொன்னார். மாஸ்க் போட்டுக்கொண்டு, யாரும் இல்லாத தளங்களாகக் கேட்டு வாங்கித் துடைத்தாராம். "யாருக்கும் வந்துடக் கூடாதுன்னு தள்ளியே இருந்தேன் சார்." அதைச் சொல்லும்போது அவர் குரலில் மன்னிப்புக் கேட்கிற தொனி இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

அடுத்த டெண்டர் வர பதினோரு மாதம் இருந்தது. உரைகளில் பேசிய மூன்று பேராசிரியர்களும் கையெழுத்திட்டு, நான் வரைந்த ஒரு பக்கக் குறிப்பு பதிவாளரிடம் போனது. இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை செலவு எவ்வளவு என்று கேட்டு, இரண்டாம் முறை முன்னுதாரணம் இருக்கிறதா என்று கேட்டு. முடிவில் புதிய டெண்டரில் ஒரு பத்தி சேர்ந்தது: பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 7 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு, அதற்கான தொகை எல்லா ஒப்பந்தக்காரருக்கும் ஒரே மாதிரி, விலைப்போட்டியில் சேராது. 12 நாள் கேட்டிருந்தோம். காவலர்களுக்கும் தோட்டப் பணியாளர்களுக்கும் வேறு ஒப்பந்தங்கள். அவை இன்னும் மாறவில்லை. அந்தக் கோப்புகள் இப்போது என் மேஜையில் இருக்கின்றன.

இந்த வருடத் தொடருக்குப் பேச்சாளர்களை முடிவு செய்வதற்கு முன்பே கேள்விச் சீட்டுப் பெட்டியை வைத்துவிட்டோம். அரங்க வாசலில் ஒன்று, பணியாளர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் இடத்தில் ஒன்று. இரண்டாவது பெட்டியில் முதல் வாரம் நான்கு சீட்டுகள் விழுந்தன. அதில் ஒன்று, உரைகளை ஏன் எப்போதும் மாலை ஐந்து மணிக்கு வைக்கிறீர்கள், அரங்கத்தைச் சுத்தம் செய்கிற நேரம் அது என்று கேட்டது. இரண்டு மணிக்கு மாற்றினோம். முதல் நாள் பதினோரு பேர் வந்து நடு வரிசையில் உட்கார்ந்தார்கள்.