ஸ்டென்ட் வைத்த பிறகு எங்கள் வீட்டில் மாறியவை

என் கணவருக்கு மாரடைப்பு வந்து, அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒவ்வொரு மாத்திரையின் பெயர், எந்த வேளைக்கு எத்தனை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று எல்லாம் தெளிவாக அச்சடித்திருந்தார்கள். கடைசியில் ஒரு வரி: வாழ்க்கைமுறையை மாற்றவும், டென்ஷனைக் குறைக்கவும். மாத்திரையை மெடிக்கலில் அன்றைக்கே வாங்கிவிட்டோம். அந்த ஒரு வரியை வீட்டுக்குள் கொண்டுவர மாதக்கணக்கில் ஆனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், இதை எப்படிச் செய்தோம் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று ராத்திரியெல்லாம் தேடினேன். இப்போது அப்படித் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

என் கணவருக்கு 47 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். நூல் வந்து இறங்குவதிலிருந்து நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பும் வரை எல்லாம் அவர் தலையில்தான். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதில் எங்கள் ஊர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். வரி வருவதற்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்று முதலில் ராத்திரி பகலாக ஓட்டம். வந்த பிறகு பாதியில் நின்ற ஆர்டர், விலையைக் குறைக்கச் சொல்லும் பையர் (சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்), வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் டெய்லர்கள். அந்தச் சமயத்தில் ஒரு நாள் ராத்திரி, பேக்கிங் செக்‌ஷனில் நின்றுகொண்டிருந்தவருக்கு நெஞ்சு அழுத்தியது. வலி இடது தோளுக்கும் தாடைக்கும் ஏறியிருக்கிறது. சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. கூட இருந்த பையன்கள் ஒரு நிமிடம் கூடக் கடத்தாமல் காரில் ஏற்றிவிட்டார்கள். ஈசிஜியில் மாரடைப்பு என்று தெரிந்தது. மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்து, இதயத்தின் முன்பக்கத்துக்குப் போகும் பெரிய குழாயில் இருந்த அடைப்பைத் திறந்து, அன்று ராத்திரியே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டிப் போய்விட வேண்டாம். 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கேயே ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்புக்கு அட்டார்வாஸ்டேட்டின் என்று முதல் டோஸ் கொடுத்து, பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

வார்டுக்கு வந்த டாக்டரிடம், "சுகர் இல்லீங்க, ஆளும் குண்டு இல்லீங்க. இவருக்கு எப்படி டாக்டர் வந்துச்சு?" என்று கேட்டேன். அவர் அவசரப்படாமல் நின்று பதில் சொன்னார். 52 நாடுகளில் நடத்தி 2004-ல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வைப் பற்றிச் சொன்னார். புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய் பழம் சாப்பிடாதது, உடற்பயிற்சி இல்லாதது, மது என்று ஒன்பது விஷயங்கள். முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கு இவற்றுக்குள்ளேயே அடங்கிவிடுகிறதாம். நம் பக்கத்து மக்களுக்கு மற்ற நாட்டவர்களைவிடச் சில வருடங்கள் முன்னதாகவே மாரடைப்பு வருவதும் அதில் தெரிந்ததாம். பிறகு டேப் எடுத்து இவர் இடுப்பை அளந்தார்: 96 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90-ஐத் தாண்டக் கூடாது. "அம்மா, ஸ்டென்ட் ஒரு இடத்தைத்தான் திறந்திருக்கு. மத்த குழாய்கள்ல இருக்கிற படிவு அப்படியேதான் இருக்கு. அதை இனிமே நீங்கதான் பாத்துக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை, பழைய காஸ்டிங் ஷீட் ஒன்றின் பின்பக்கத்தில் அவருடைய ஒரு நாளை மணிவாரியாக எழுதியதுதான். யாருடைய தப்பு என்று பார்க்க இல்லை, என்ன நடக்கிறது என்று பார்க்க. கண் விழித்ததும் போன். வெறும் வயிற்றில் டீ. பத்து மணிக்கு மேல் பேக்கரியில் பப்ஸும் இன்னொரு டீயும். கம்பெனியில் ஒவ்வொரு போன் காலுக்குப் பிறகும் ஒரு சிகரெட். மதியச் சாப்பாடு மூன்று, மூன்றரைக்கு. நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் கோடையில் நமக்கு மாலை ஆறரை. ஆக, நம் ஊர் ஓய்கிற நேரத்தில்தான் பையருடைய நாள் தொடங்கும். இவருடைய இரண்டாவது ஷிப்டும் அப்போதுதான். பத்தரைக்கு மேல் ஊறுகாய், அப்பளத்தோடு சாப்பாடு. லேப்டாப் மூடும்போது மணி ஒன்றாகிவிடும்.

அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. டென்ஷன் நேராக நெஞ்சைத் தாக்குவது ஒரு பக்கம். அட்ரினலின் சுரந்து துடிப்பும் பிரஷரும் ஏறுவதையும், ரத்தம் சீக்கிரம் உறைவதையும், அது நாள்பட நீடித்தால் குழாயின் சுவர் புண்படுவதையும் டாக்டர் விளக்கியிருந்தார். ஆனால் அதே டென்ஷன்தான் தூக்கத்தைத் தள்ளிப்போட்டது, சிகரெட்டைக் கையில் கொடுத்தது, சாப்பாட்டு நேரத்தைக் குலைத்தது, நடக்க நேரமில்லாமல் செய்தது. டாக்டர் சொன்ன ஒன்பதில் பாதிக்கு மேல் ஒரே முடிச்சில் இருந்தன. பார்க்க வந்த எல்லோரும் "டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் டென்ஷன் எந்த மணிக்கு, எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் அப்படிச் சொல்வதில் ஒரு பயனும் இல்லை என்பது என் முடிவு.

அதைக் கண்ணால் பார்க்க வைத்தது பிபி மெஷின். முறையாக எடுக்க ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்கொடுத்தார்: அரை மணி நேரத்துக்குள் காபியோ புகையோ கூடாது, சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, இரண்டு காலும் தரையில் ஊன்றி, கை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து எழுத வேண்டும். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85-க்குக் கீழே இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஒரு அளவை வைத்துப் பயப்படக் கூடாது. ஒரு நாள் சாயங்காலம் 128/82. பத்து நிமிடத்தில் போன் வந்தது, ஏதோ துணியின் நிற ஷேடு மாறிப்போன பேச்சு. வைத்ததும் என்ன தோன்றியதோ, அவரே பட்டையை மறுபடி கையில் சுற்றினார். 154/94. அந்த இரண்டு எண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், "நாளைக்கு முதலாளியப் பாத்துப் பேசிடறேன்" என்றார்.

பேசினார். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்ததிலேயே பெரிய மாற்றம் இதுதான். வேலையை விடுவதாகச் சொல்லவில்லை. பையன் பிளஸ் டூ, வீட்டுக் கடன் இருக்கிறது. ஒரு ஏற்பாட்டோடு போனார். ராத்திரி எட்டரைக்கு மேல் வரும் மெயிலுக்கு மறுநாள் நம் நேரம் மதியத்துக்குள் பதில் போய்விடும். அப்போது அங்கே நடுராத்திரி. அவர்கள் ஆபீஸ் திறக்கும்போது பதில் காத்துக்கொண்டிருக்கும். யாருக்கும் ஒன்றும் குறையாது. நிஜமான அவசரம் என்றால் மட்டும், பையரோடு ஆர்டர் பேசும் மெர்ச்சன்டைசர்கள் முறைவைத்து போனை எடுக்க வேண்டும். முதலாளி கேட்டுவிட்டு, "இத மின்னாடியே செஞ்சிருக்கலாமுங்களே. சரி, மெயில நானே போட்டுடறேன்" என்றாராம். பையர்கள் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. எல்லா கம்பெனியிலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓய்வு வேண்டும் என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்த மணியிலிருந்து எந்த மணிவரை, அந்த நேரத்தில் யார் பொறுப்பு என்று எழுதிக்கொண்டு போய்க் கேட்டால் ஒத்துக்கொள்வது சுலபம்.

அதற்குப் பிறகு சாப்பாடு எட்டு மணிக்கு வந்தது. பத்தரைக்குப் படுக்கை. போன் ஹாலிலேயே சார்ஜில் கிடக்கும்.

சிகரெட் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே நின்றிருந்தது. கம்பெனிக்குத் திரும்பியதும் போன் பேசி முடித்த கை தானாகப் பாக்கெட்டைத் தேடியிருக்கிறது. டாக்டரைக் கேட்டு நிக்கோட்டின் சூயிங்கம் கொஞ்ச நாள் வைத்துக்கொண்டார். போனை வைத்ததும் கட்டிங் டேபிளை ஒரு சுற்று சுற்றி வருவது என்று பழக்கிக்கொண்டார். ஒரு வருடம் புகைக்காமல் இருந்தால் மாரடைப்பு வரும் கூடுதல் ஆபத்து பாதியாகக் குறையும் என்று டாக்டர் சொன்னது அவருக்குப் பிடிமானமாக இருந்தது.

அடுத்தது என் பக்கம், சமையலறை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஐந்து கிராமை யார் தினமும் நிறுப்பது? டயட்டீஷியன் ஒரு சுலபமான வழி சொன்னார்: பாக்கெட்டைக் கணக்குப் போடுங்கள். எங்கள் வீட்டில் நான்கு பேர். நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மாதம் கூட வந்ததில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பேக்கரிப் பண்டம் எல்லாம் இதில் சேராது. பாக்கெட் பிரிக்கிற அன்றைக்கு அதன்மேல் தேதி எழுதத் தொடங்கினேன்.

என் மாமியாருக்கு இது பெரிய வருத்தம். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. நோவுல கெடந்து வந்தவனுக்கு வாய்க்கு ருசியாப் போட வேண்டாமா கண்ணு?" என்றார். பிள்ளைக்கு வாய்க்குப் பிடித்ததைச் செய்துபோடுவதுதான் அவருக்குத் தெரிந்த அன்பு; அதை மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஒரேயடியாகக் குறைக்காமல் வாராவாரம் கொஞ்சமாகக் குறைத்தேன். சாதம் வடிக்கும்போது போடுவதை முதலில் நிறுத்தினேன். மோரில் உப்புக்குப் பதில் சீரகமும் கறிவேப்பிலையும். கொள்ளுப் பருப்பில் பூண்டும் மிளகும் கூட்டி, கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் உப்பு குறைவது நாக்குக்கு எட்டாது. இரண்டு மாதத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. இப்போது கல்யாண வீட்டுச் சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, "ஏங்கண்ணு, இதுல உப்பு தூக்கலா இருக்குதல்ல?" என்று அத்தையே கேட்கிறார். கடையில் விற்கும் குறைந்த சோடியம் உப்பை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது. சில பிபி மாத்திரைகளோடு சேர்ந்தால், அல்லது சிறுநீரகக் கோளாறு இருந்தால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும்.

நடைப்பயிற்சியை ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட் படிப்படியாக ஏற்றினார். முதலில் வராந்தாவில் சில நிமிடம், பிறகு இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர் மாட்டிக்கொண்டு, பிறகு தெருவில். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம் என்றார். நெஞ்சு வலித்தால் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அதைப் போடுவதானால் உட்கார்ந்துதான் போட வேண்டும், பிரஷர் சட்டென்று இறங்கும். இப்போது வாரம் 150 நிமிடத்தைத் தாண்டிவிடுகிறார்.

யாரும் எங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. உடம்பு தேறத் தேற மனம் தளர்ந்தது. தனியாகக் குளிக்கப் பயம், இடது பக்கம் திரும்பிப் படுக்கப் பயம், காரணமில்லாமல் பையன்மேல் எரிச்சல். ஒரு நாள் டிவி பார்த்துக்கொண்டே கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார். இருபது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. மறு பரிசோதனையில் டாக்டரிடம் சொன்னேன். மாரடைப்புக்குப் பிறகு ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும், அதைக் கவனிக்காமல் விட்டால் இதயத்துக்கும் கெடுதல் என்று சொல்லி மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். இவர் முதலில் தயங்கினார். "ஏனுங்க, குழாய் அடைச்சப்ப டாக்டர்கிட்டப் போனோமல்ல, இதுக்கும் போவோமுங்க" என்று கூடவே போனேன். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று மெதுவாக விடும் பயிற்சியை அங்கேதான் கற்றார். ஆலோசகர் வசதி இல்லாத ஊரில் இருப்பவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். தயவுசெய்து இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் உறவுக்காரர்களின் அறிவுரை நிறைய வந்தது. கொழுப்பு இறங்கிவிட்டதே, இனி எதற்கு என்றார்கள். மாத்திரை போடுவதால்தான் இறங்கியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் இரண்டு மாத்திரைகளை நாமாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துவிடக்கூடும். பல் எடுக்க வேண்டி வந்தபோது கூட இதய டாக்டரைக் கேட்ட பிறகுதான் பல் டாக்டர் கைவைத்தார்.

சமீபத்திய பரிசோதனையில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 58. இடுப்பு 91. டாக்டருக்குத் திருப்தி, ஆனால் எல்டிஎல் 55-க்குக் கீழே வர வேண்டும் என்று இன்னொரு மாத்திரை சேர்த்திருக்கிறார். கூடவே, ஆண்களுக்கு 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்தால் கூடப்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார். என் கொழுந்தனாருக்கு 42 வயது. ஒரு தொந்தரவும் இல்லை என்று வர மறுத்தவரை அத்தைதான் கூட்டிவந்தார். பிரஷர் 146/92, எல்டிஎல் 172. அவருக்கும் மாத்திரை தொடங்கியாயிற்று. ஒரு நாளை எழுதிப் பார்க்க அவருக்கும் ஒரு தாள் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.