கோபால்ட் நீலம் ஊதாவாக மாறாமல் ஓவியத்தைப் படமெடுத்த அனுபவம்

கோயில் குளம் ஒன்றை ஆயில் பெயின்ட்டில் வரைந்து, கைப்பேசியில் எடுத்த படத்தைப் பார்த்து வாங்கியவருக்கு அனுப்பிவைத்தேன். கித்தான் கைக்குக் கிடைத்ததும், "படத்தில் தண்ணீர் ஊதாவாக அல்லவா இருந்தது?" என்று அவர் கேட்டார். அந்தக் கோபால்ட் நீலத்துக்காகவே நான்கு நாள் உழைத்திருந்ததால், அந்தக் கேள்வி என்னை வெகுவாக உறுத்தியது.

அதே குளத்தை மறுபடி வரைந்து, முறையாகப் படமெடுக்க முனைந்தபோது, முதல் தவறு வெளிச்சத்தில் இருப்பது புரிந்தது. சன்னல் வழியே வரும் பகலொளியும் டியூப்லைட்டும் ஒரே கித்தானில் விழுந்தால், ஒரு பக்கத்தின் வெள்ளையைச் சரிசெய்யும்போது மறுபக்கத்தின் வெள்ளை கெட்டுவிடுகிறது. ஆகவே சன்னலை மூடி, அறை விளக்கை அணைத்து, நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 95க்கு மேல் உள்ள ஒரே வகை எல்இடி விளக்குகள் இரண்டை இருபுறமும் 45 பாகைச் சாய்வில் வைத்தேன். அப்போதும் படத்தில் மெல்லிய பச்சைச் சாயல் படிந்திருந்தது. அறையின் பச்சைச் சுவரைக் கறுப்புத் துணியால் மறைத்த பிறகே அது போயிற்று.

சிறு கண்ணாடி ஒன்றைக் கித்தானின் நடுவில் படிய வைத்து, அதில் லென்ஸின் பிம்பம் கேமரா திரையின் மையத்தில் தெரியும்வரை டிரைபாடை நகர்த்தினேன். கேமரா கோணாமல் நிற்க இதைவிட எளிய வழியை நான் அறியேன். ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளையளவு எஃப் 8, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு என்று வைத்துக்கொண்டு, முதல் படத்தைச் சாம்பல் அட்டையோடும் 24 கட்ட வண்ண அட்டையோடும் எடுத்தேன். அவற்றைக் கொண்டு கணினியில் செய்த நிறத் திருத்தத்தை மற்ற படங்களுக்கும் அப்படியே பொருத்தினேன்.

எல்லா நிறங்களும் வழிக்கு வந்தன, தண்ணீரைத் தவிர. கோபால்ட் நீலம் நீல ஒளியோடு, நம் கண்ணுக்கு அரிதாகவே உறைக்கும் அடர்சிவப்பு ஒளியையும் திருப்பி அனுப்புகிறது. கேமரா அதையும் சிவப்பாகப் பதிந்துகொள்வதால் நீலம் ஊதாவை நோக்கிச் சாய்கிறது. பொதுத் திருத்தம் எதுவும் இதற்கு முழுமையாக உதவவில்லை. நிறம் அளவீடு செய்த கணினித் திரைக்குப் பக்கத்தில், அதே விளக்கொளியில் கித்தானை நிறுத்தி, நீலத்தின் சாயலை மட்டும் பச்சைப் பக்கமாகச் சிறிது சிறிதாக நகர்த்தினேன். கடைசிப் படிக்கட்டின் ஓரத்தில் தண்ணீர் இருண்டு தெரியும் இடம் திரையிலும் கித்தானிலும் ஒன்றுபோல் ஆக ஒரு மணி நேரம் பிடித்தது. பிறகு பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் சேமித்து, முன்பு கேள்வி கேட்ட அவருக்கே முதலில் அனுப்பினேன்.