நிரப்பாமல் விட்ட கட்டம்

படிவத்தில் என் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் மகள் நிரப்பிவிட்டாள். ஒரே ஒரு கட்டம் பாக்கி இருந்தது. "அம்மா, எதற்காக மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். என்ன எழுதட்டும்?" என்றாள். வயிற்றுவலி என்றேன். அவள் எழுதாமல் என்னையே பார்த்தாள். "வயிறா? நீங்கள் உட்காரத்தானே சிரமப்படுகிறீர்கள்?"

அவளுக்குப் பதினான்கு வயது. இந்த நாட்டுக்கு வந்த இரண்டு ஆண்டுகளில் வங்கிக் கடிதம், வீட்டு ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, அவளுடைய பள்ளிக்கூட அறிவிப்பு என்று எதுவாக இருந்தாலும் அவள் வாசித்துச் சொன்னால்தான் எனக்குப் புரியும். அவளுடைய வாயால்தான் நான் இந்த ஊரோடு பேசிக்கொண்டிருந்தேன். இந்த ஒன்றை மட்டும் அந்தப் பிள்ளையைப் பேச வைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பாமலே படிவத்தை மடித்து வைத்தேன். அப்படியே ஐந்து வாரம் போய்விட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், இடைவேளை தவிர மற்ற நேரத்தில் கழிவறைக்குப் போகக் கேட்பதற்கு எனக்குக் கூச்சம். எப்படிக் கேட்பது என்றும் தெரியாது. அதனால் தண்ணீரைக் குறைத்துக்கொண்டேன். குளிரில் தாகமும் அவ்வளவாக எடுக்கவில்லை. வயிறு அழைத்தபோதெல்லாம் அடக்கினேன். பெருங்குடலின் வேலையே நீரை உறிஞ்சுவதுதான். மலம் உள்ளே தங்கத் தங்க இறுகிக்கொண்டே போகும். ஒரு நாள் காலையில் முக்கியபோது உடைந்த கண்ணாடி கீறியதுபோல இருந்தது. துடைத்த காகிதத்தில் பளிச்சென்ற சிவப்பில் ஒரு கோடு.

கீறுகிற வலி சில நொடிதான். ஆளை முடக்கிப்போடுவது அதற்குப் பிறகு வருவது. சற்று நேரத்தில் உள்ளே யாரோ பிடித்து முறுக்குவதுபோல ஒரு இறுக்கம் தொடங்கும். இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம். பெட்டிகளை அடுக்கிக்கொண்டே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். இடைவேளையில் எல்லோரும் உட்கார்ந்திருக்க நான் மட்டும் சுவரில் சாய்ந்து நிற்பேன். மறுநாள் காலை வந்தாலே பயம். பயந்து அடக்கினால் மலம் இன்னும் இறுகும், இறுகியது மறுபடியும் அதே இடத்தைக் கிழிக்கும். இந்தச் சுழலில் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் சுற்றிக்கொண்டிருக்கலாம் என்பதை அனுபவித்தால்தான் தெரியும்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் பாதி சொன்னேன், பாதி மறைத்தேன். "மூலம்தான், வேறென்ன" என்றார். நம்மில் அந்த இடத்தில் எது வந்தாலும் மூலம்தான். வெடிப்பும் மூலம், கட்டியும் மூலம், பௌத்திரமும் மூலம். மூலத்துக்கான களிம்பை நானே வாங்கி மூன்று வாரம் தடவினேன். மூலம் என்பது வீங்கிய இரத்த நாளம். பல சமயம் அது வலிக்காமலே இரத்தம் கசியும். எனக்கு இருந்ததோ ஆசனவாய் வெடிப்பு, அதாவது ஆசனவாய்க்குள் மெல்லிய தோலில் விழுந்த ஒரு கீறல். வலிதான் அதன் முதல் அடையாளம். இந்த வேறுபாட்டை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்த மூன்று வாரமும் வீணாகியிருக்காது.

மருத்துவரிடம் போனதற்குக் காரணம் என் துணிச்சல் அல்ல. பொது மருத்துவச் சேவையிலேயே மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கலாம், குடும்பத்தினரை அழைத்துப் போக வேண்டியதில்லை என்று வேலையிடத்தில் ஒருவர் வேறு ஏதோ பேச்சில் சொன்னார். அன்றே நேரம் கேட்டேன், பெண் மருத்துவர் வேண்டும் என்றும் கேட்டேன்.

மேசையில் ஒரு தொலைபேசியை வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார் மருத்துவர். எங்கிருந்தோ ஒரு பெண்ணின் குரல், தமிழில், "வணக்கம் அம்மா, இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது. உங்களுக்கு என்ன செய்கிறது, சொல்லுங்கள்" என்றது. எனக்கு நா எழவில்லை. சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தக் குரலே கேட்டது: "மலம் கழிக்கும்போது வலியா? ஆசனவாயில் இரத்தம் வருகிறதா?" பால் வாங்கினீர்களா என்று கேட்பதுபோல அவ்வளவு இயல்பாகக் கேட்டார். நாற்பத்தொரு வயதில், வீட்டுக்கு வெளியே ஒருவர் அந்தச் சொல்லை வெட்கமில்லாமல், அசிங்கமில்லாமல் சொல்லி அன்றுதான் கேட்டேன். அழுதுவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

மருத்துவர் அடுக்கடுக்காகக் கேட்டார். எடை குறைந்திருக்கிறதா, இரத்தம் கருத்திருக்கிறதா, மலத்தோடு கலந்து வருகிறதா, பல வாரமாகப் பேதியா, காய்ச்சல் உண்டா, சீழ் வடிகிறதா, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா. இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் உடனே மேற்கொண்டு சோதிக்க வேண்டியிருக்கும் என்றார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். இடது பக்கமாகப் படுக்கச் சொல்லி, மெதுவாக விலக்கிப் பார்த்ததோடு சரி. வலி இருக்கும்போது விரலை உள்ளே விட்டுப் பார்க்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். நான் ஐந்து வாரம் நடுங்கியது அதற்குத்தான். கீறல் முதுகுப் பக்கமாக, நடுக்கோட்டில் இருந்தது. பெரும்பாலான வெடிப்புகள் அங்கேதான் வருமாம். பக்கவாட்டில் இருந்தாலோ ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, குரோன் நோய் என்னும் குடல் அழற்சி, காசநோய் போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டும் என்றார்.

அது ஆறாமல் இருப்பதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு இன்றும் மனதில் நிற்கிறது. ஆசனவாயைச் சுற்றி உள்ளே ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. அது நம் கட்டுப்பாட்டில் இல்லாதது. வலி வந்ததும் அது இறுகிக்கொள்கிறது. இறுகினால் அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் குறைகிறது. இரத்தம் போகாத புண் எப்படி ஆறும்? ஆகவே வைத்தியம் இரண்டு பக்கம் நடக்க வேண்டும்: மலம் இளகலாக வர வேண்டும், தசை தளர வேண்டும். நார்ச்சத்து, தண்ணீர், மலமிளக்கி, மலம் கழித்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் உட்காருதல் எல்லாம் அதற்காகத்தான். கழிவறையில் காலுக்கு அடியில் ஒரு சிறிய முக்காலியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். முழங்கால் உயர்ந்தால் மலக்குடல் நேராகும். குத்துக்காலிட்டுப் பழகிய எனக்கு அந்த முக்காலி பெரிய ஆறுதலாக இருந்தது.

தசையைத் தளர்த்த நைட்ரோகிளிசரின் களிம்பு கொடுத்தார். இதய நோயாளிகள் நாக்குக்கு அடியில் வைக்கும் அதே மருந்து. தலைவலி வரலாம் என்று சொல்லியிருந்தார். வந்தது, மண்டை பிளக்கிற மாதிரி. நான்காம் நாள் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். அது என் தவறு. சொல்லியிருந்தால் வேறு மருந்து இருந்தது. மூன்று வாரம் கழித்துத் திரும்பிப் போனபோது டில்டியாசெம் களிம்பை எழுதினார். அதில் தலைவலி குறைவு. அன்று இன்னொன்றையும் பார்த்துச் சொன்னார்: வெடிப்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு தோல் மடிப்பு வளர்ந்திருக்கிறது. ஆறு வாரம், எட்டு வாரம் தாண்டியும் ஆறாத வெடிப்பை நாள்பட்டது என்கிறார்கள். அந்த மடிப்பு அதன் அடையாளம். எனக்கு ஒன்பது வாரம் ஆகியிருந்தது. "மலக்குடல் நிபுணருக்குக் கடிதம் தருகிறேன், போகிறீர்களா?" என்றார்.

ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

அந்த ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. போனால் கத்தி வைத்துவிடுவார்கள் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. வைத்தால் எத்தனை நாள் விடுப்பு கேட்பது, கேட்டால் வேலை இருக்குமா? நிபுணர் ஆணாக இருந்தால்? எல்லாவற்றையும் விட ஒரு பயம், அதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை: அந்தத் தசையை வெட்டிவிட்டால் பிறகு என்னால் அடக்க முடியாமல் போய்விடுமோ? வேலையிடத்தில், பஸ்ஸில், பிள்ளையின் பள்ளிக்கூட விழாவில்?

இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதி, மறுபடியும் அதே தொலைபேசி ஏற்பாட்டோடு மருத்துவரிடமே கேட்டேன். அவர் சொன்ன பதிலை, இதே இடத்தில் நிற்கிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். நிபுணரைப் பார்க்கப் போவது வேறு, அறுவைக்குச் சம்மதிப்பது வேறு. நிபுணர் முதலில் செய்வது, இது வெறும் வெடிப்புதானா என்று உறுதிசெய்வது. களிம்பு பலிக்காவிட்டால் போட்டுலினம் ஊசி போடலாம். அது தசையைச் சில மாதம் தளர்த்தி வைக்கும், பிறகு தசை பழைய நிலைக்கு வந்துவிடும். அறுவை என்றால் உள் சுருக்குத் தசையில் சிறு பகுதியை மட்டும் வெட்டுவார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதில் ஆறிவிடுகிறது. ஆனால் சிலருக்கு வாயுவை அடக்க முடியாமலோ லேசான கசிவோ வரலாம். பிரசவத்தில் தசை கிழிந்த பெண்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்பதால் அறுவைக்கு முன் நிறைய யோசிப்பார்கள். "உங்கள் பிரசவத்தைப் பற்றி அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்" என்றார்.

எனக்கு மகள் பிறந்தபோது ஆழமாகக் கிழிந்து தையல் போட்டது. பதினான்கு ஆண்டில் அதை ஒருவரும் கேட்டதில்லை. என் பயத்துக்கு மருத்துவத்திலேயே ஒரு நியாயம் இருக்கிறது, அதை எடுத்துச் சொல்ல ஓர் இடமும் இருக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்குத் தயக்கம் இல்லை. கடிதம் எழுதச் சொன்னேன்.

நேரம் கிடைக்க இரண்டரை மாதம் ஆனது. அதற்குள் களிம்பு வேலை செய்யத் தொடங்கியது. ஏழாம் வாரத்தில் வலியில்லாத காலைகள் வந்தன. ரத்து செய்துவிடலாம் என்று தொலைபேசியைக் கையில் எடுத்தேன்கூட. மறுவாரம் தண்ணீரை மறந்த ஒரே நாளில் பழைய சிவப்புக் கோடு திரும்ப வந்தது. ரத்து செய்யவில்லை.

நிபுணர் ஆண்தான். செவிலியர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார். பார்த்தது இரண்டு நிமிடம். பாதிக்கு மேல் ஆறியிருக்கிறது, களிம்பை முழுதாக முடியுங்கள், ஆறாவிட்டால் ஊசி, உங்கள் தையலை வைத்துப் பார்த்தால் அறுவையைக் கடைசியில்தான் நினைப்பேன் என்றார். இரத்தப்போக்கு தொடர்ந்தால், வெடிப்புதான் என்று இருந்துவிடாமல் குடல் உள்நோக்கிச் சோதனை செய்ய வேண்டும் என்றும் சொன்னார். இப்போது ஊசிக்குத் தேவை வரவில்லை. முக்காலி கழிவறையில் இருக்கிறது. தண்ணீர்ப் புட்டி எப்போதும் என்னோடு இருக்கிறது. கழிவறைக்குப் போக வேண்டும் என்பதை இந்த நாட்டு மொழியில் தயங்காமல் கேட்கிறேன்.

போன மாதம் வேலையிடத்தில் புதிதாக ஒரு தமிழ்ப் பெண் சேர்ந்தாள். வந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். இரண்டு வாரமாக இடைவேளையில் அவள் உட்காரவே இல்லை. நாற்காலி காலியாக இருக்கும், அவள் சுவரில் சாய்ந்து நிற்பாள், ஒரு காலில் பாரம் போட்டு. அந்த நிற்பு எனக்குத் தெரியும். நேற்று அவளருகில் போய் நின்றேன். "தங்கச்சி, போகும்போது வலிக்கிறதா? இரத்தம் வருகிறதா?" என்று தணிந்த குரலில், ஆனால் சொற்களை மறைக்காமல் கேட்டேன். மருத்துவரிடம் தொலைபேசி வழியாகத் தமிழில் மொழிபெயர்ப்பவர் கிடைப்பார் என்றும் சொன்னேன். அவள் தரையைப் பார்த்தாள். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா, அந்தத் தொலைபேசியில் பேசுகிறவர் பெண்ணாக இருப்பாரா?" என்றாள். பெண்தான் வேண்டும் என்று நேரம் கேட்கும்போதே சொல்லலாம் என்றேன். எந்த எண் என்று கேட்டு, கையில் எழுதிக்கொண்டாள்.