இரண்டு நோட்டு

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வங்கிக் கிளையில் 2016 ஜூன் மாதம் மேலாளராகப் பொறுப்பேற்றேன். எனக்கு அப்போது வயது 34. காசாளருக்கு 58. நான் பிறப்பதற்கு முன்பே வங்கி வேலையில் சேர்ந்தவர்.

அந்த ஆண்டு மேட்டூர் அணையைச் செப்டம்பர் 20-ல்தான் திறந்தார்கள். சம்பா தாமதமாகத் தொடங்கி, மழையும் பொய்த்துக்கொண்டிருந்தது. உரத்துக்கும் களையெடுக்கும் கூலிக்கும் ரொக்கம் தேவைப்பட்ட நேரத்தில், நவம்பர் 8 இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. ஒருநாள் மூடியிருந்து 10-ஆம் தேதி கிளையைத் திறந்தபோது, விடியற்காலையிலேயே தொடங்கிய வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது.

ஆளுக்கு 4,000 ரூபாய் வரை மாற்றித் தரலாம் என்றார்கள். சில நாளில் அது 4,500 ஆனது. 18-ஆம் தேதி 2,000 ஆகக் குறைந்தது. 24-ஆம் தேதியோடு மாற்றித் தருவதே நின்றது. நடுவில் விரலில் மை வைக்கச் சொன்னார்கள். சுற்றறிக்கையை நான் படித்து முடிப்பதற்குள் வரிசையில் நிற்பவர்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள்.

முதல் மூன்று நாளும் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியிலேயே இருந்தேன். கிளைகளுக்கு ரொக்கம் கொடுக்கும் கிடங்கான கரன்சி செஸ்டில் மன்றாடிப் பணம் வாங்குவதுதான் மேலாளரின் வேலை என்று நம்பினேன். மூன்றாம் நாள், கூட்டிப் பெருக்க வரும் அம்மா மேசையில் தேநீரை வைத்துவிட்டுத் தயங்கி நின்றார். "ஐயா, பணத்தை உள்ளே வைத்துக்கொண்டு கொடுக்கவில்லை என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே வந்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்."

மறுநாள் காலை வாசற்படியில் நின்று சொன்னேன்: கையில் ஆறு லட்சம் இருக்கிறது, ஆளுக்கு நாலாயிரம் என்றால் நூற்றைம்பது பேருக்குத்தான் வரும். பின்னால் நின்றவர்கள் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு வயலுக்குக் கிளம்பினார்கள். கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் மகளைப் பிரசவத்துக்குத் திருவாரூர் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு பெரியவர் சொன்னதும், முன்னால் நின்றவர்கள் தாமாகவே விலகி அவரைக் கவுண்டருக்கு அனுப்பினார்கள். நான் அவரை அழைத்திருந்தால் சண்டை வந்திருக்கும். அன்று முதல் தினமும் படியில் நின்று தொகையைச் சொன்னேன். நல்ல மேலாளர் ஆகிவிட்டேன் என்ற எண்ணமும் உள்ளுக்குள் வந்துவிட்டது.

18-ஆம் தேதி மாலை கணக்கு முடித்தபோது ரொக்கத்தில் 4,000 ரூபாய் குறைந்தது. புதிய இரண்டாயிரம் ரூபாய்த் தாள்கள் இரண்டு. கட்டிலிருந்து பிரிக்கும்போது ஒட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். காசாளர் காலையிலிருந்து பத்து மணி நேரம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மதியச் சாப்பாடு டப்பாவிலேயே இருந்தது. மூன்று முறை எண்ணினார். நான் அறையிலிருந்தே, "குறைந்தால் நீங்கள்தான் கட்ட வேண்டும், விதி அப்படி" என்று சொல்லிவிட்டு, வட்டார அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையில் மூழ்கினேன். அவர் தன் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக் கட்டினார். பதிவேட்டை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். நான் சொன்ன விதியில் பிழை எதுவும் இல்லை.

வாசலில் முன்பின் தெரியாத ஆயிரம் பேரிடம் பேசப் பழகிய நான், பத்தடி தூரத்தில் இருந்தவரிடம் எழுந்து போகவில்லை. இது எனக்கு உறைக்க நான்கு மாதம் ஆனது. மார்ச் மாத முடிவில் பழைய பதிவேடுகளைச் சரிபார்க்கும்போது அந்தப் பக்கம் வந்தது. கீழே என் கையெழுத்து. அன்று மாலையே நாலாயிரம் ரூபாயை ஓர் உறையில் போட்டு அவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "பணம் போனது போகட்டும் சார். நாற்பது வருடம் ஆகப்போகிறது, இதைவிடப் பெரிய தொகையும் கட்டியிருக்கிறேன். அன்றைக்கு நான் மூன்றாவது தடவை எண்ணும்போது கூட வந்து உட்காருவீர்கள் என்று பார்த்தேன்" என்றார். குரலில் குறை இல்லை. பெட்டகத்தைப் பூட்ட இருவரின் சாவியும் வேண்டும். தன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். நானும் என் சாவியோடு பின்னால் போனேன்.

இப்போது வேறு ஊரில், வேறு காசாளர். கணக்கு முடிக்கும் நேரத்தில் என் நாற்காலியை அவர் மேசைக்கு இழுத்துக்கொள்கிறேன். நூறு ரூபாய்க் கட்டுகளை நான் எண்ணுகிறேன், மற்றவற்றை அவர் எண்ணுகிறார்.