உராய்வுக் கணக்கில் ஒரு வருடம் வழுக்கிய கதை

நீட் ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. எனக்கு இது இரண்டாவது முறை. இயற்பியலில் போன தடவை 180க்கு 38, இந்தத் தடவை 117. இதைவிட நிறைய வாங்கியவர்கள் இருக்கிறார்கள், தெரியும். ஆனால் அந்த 38-ஐப் பார்த்துவிட்டு மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வராதவள் நான். அதனால் இது போதும்.

எல்லாப் பாடத்துக்கும் வழி சொல்ல என்னால் முடியாது. உராய்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் இயற்பியல் கெட்டதும் அங்கேதான், தேறியதும் அங்கேதான்.

போன வருடம் கோத்தகிரியிலிருந்து இறங்கி, சமவெளியில் ஒரு கோச்சிங்கில் கிராஷ் கோர்ஸ் சேர்ந்தேன். அப்பா கடன் வாங்கிக் கட்டிய பணம். உராய்வுக்கு அங்கே கிடைத்தது இருபது நிமிடம். "உராய்வுன்னு பார்த்தா மியூ பெருக்கல் என், போட்டுட்டுப் போய்க்கிட்டே இரு." (மியூ என்பது உராய்வுக் குணகம், இரண்டு பரப்புகளின் பிடிமானத்தைச் சொல்லும் எண். 'என்' என்பது பரப்பு பொருளைச் செங்குத்தாகத் தள்ளும் விசை.) நானும் போய்க்கொண்டே இருந்தேன், ஒவ்வொரு கேள்விக்கும் மைனஸ் ஒன்று வாங்கிக்கொண்டு.

தப்பு எங்கே என்றால், இந்த மாதிரிக் கணக்கில். தரையில் 10 கிலோ பெட்டி. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் (நகராதபோது) 0.5, இயக்க உராய்வுக் குணகம் (வழுக்கும்போது) 0.4. 30 நியூட்டன் விசையால் தள்ளுகிறோம். உராய்வு விசை எவ்வளவு? ஜி-யை, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தை, 10 என்று வைத்து, 0.5 பெருக்கல் 100, ஐம்பது என்று எழுதுவேன். 50 என்பது விடைகளில் ஒன்றாகக் கட்டாயம் இருக்கும். சரியான விடை 30.

ஐம்பது என்பது உச்சவரம்பு. அதுவரை, ஓய்வுநிலை உராய்வு கேட்ட அளவுக்குத்தான் கொடுக்கும். 10 நியூட்டனில் தள்ளினால் 10, தள்ளவே இல்லையென்றால் பூச்சியம். அப்படி இல்லாமல், சும்மா இருக்கும் பெட்டியை உராய்வு 50 நியூட்டனில் தள்ளினால், பெட்டி தானாகவே கிளம்பிப் போயிருக்காதா? இதை யோசிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. 60 நியூட்டனில் தள்ளினால் வரம்பு தாண்டிவிட்டது, பெட்டி நகரும். அப்புறம் உராய்வு 40 மட்டுமே. மீதி 20 நியூட்டன் 10 கிலோவை இழுக்கிறது, முடுக்கம் 2.

அதனால் இந்த வருடம் உராய்வுக் கணக்கு எதைப் பார்த்தாலும் ஓரத்தில் "ந?" என்று எழுதிவிட்டுத்தான் தொடங்கினேன். நகர்கிறதா? அவ்வளவுதான். பரீட்சை ஹாலிலும் எழுதினேன். என்னைக் கேட்டால், இந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை என்பேன். (கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும்.)

இதை மண்டையில் ஏற்றியது புத்தகம் இல்லை, அப்பா. அவர் பச்சைத் தேயிலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒருநாள் சாரல். "பாப்பா, பிரேக்கை ஒரேயடியா மிதிச்சா டயர் நின்னுரும், வண்டி நிக்காது" என்றார். டயர் உருளும்போது தரையைத் தொடும் இடம் தரைமேல் வழுக்குவதில்லை. அங்கே வேலை செய்வது ஓய்வுநிலை உராய்வு. சக்கரம் பூட்டிக்கொண்டால் ரப்பர் தேய்த்துக்கொண்டே போகும், அப்போது இயக்க உராய்வு, பிடிமானம் குறைவு. பாடத்தில் இரண்டு குணகம் எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு மீட்டர் பலகை, தகர ஜியாமெட்ரி பாக்ஸ். ஒரு முனையை மெல்லத் தூக்கிக்கொண்டே போனால், பாக்ஸ் வழுக்கத் தொடங்கும் கோணம்தான் சறுக்குக் கோணம். அதன் டேன் மதிப்பே ஓய்வுநிலை உராய்வுக் குணகம். என் பலகையில் 35 செ.மீ. உயரத்தில் வழுக்கியது. 35-ஐ 100ஆல் வகுத்து 0.35 என்று பெருமையாக எழுதிவைத்தேன். அது சைன்! டேனுக்கு உயரத்தை அடிப்பக்கத்தால் வகுக்க வேண்டும். அடிப்பக்கம் 93.7, விடை 0.37. பாக்ஸுக்குள் காம்பஸ், கல், அழிப்பான் என்று எதைப் போட்டாலும் ஏறக்குறைய அதே உயரம்தான், நிறை வந்து கலக்கவில்லை. விரலால் லேசாகத் தட்டிவிட்டு, ஒரே வேகத்தில் இறங்கும் உயரத்தைத் தேடினால் 28 கிடைத்தது. அடிப்பக்கம் 96, இயக்க உராய்வுக் குணகம் 0.29. பனிமூட்டம் இறங்கிய ஒரு நாளில் பலகை நமுத்துப்போய் எல்லா எண்ணும் மாறிவிட்டது. வெயில் நாளில் செய்யுங்கள்.

செங்குத்து விசையில் மாட்டுகிறவர்களுக்கு:

– செங்குத்து விசையான 'என்' எப்போதும் எம்ஜி (நிறை பெருக்கல் ஜி) இல்லை. கயிற்றால் சாய்வாக மேல்நோக்கி இழுத்தால் குறையும், சாய்வாகக் கீழ்நோக்கித் தள்ளினால் கூடும்.
– சுவரில் அழுத்திப் பிடித்த கட்டைக்கு, நாம் அழுத்தும் விசைதான் 'என்'. 2 கிலோ, குணகம் 0.4 என்றால் விழாமல் நிற்கக் குறைந்தது 50 நியூட்டன் வேண்டும். 80 கொடுத்தாலும் உராய்வு 20 தான், 32 இல்லை. (மறுபடி "ந?")
– குணகத்துக்கு அலகு இல்லை. அது ஒன்றைத் தாண்டவும் செய்யலாம்.
– விசைப்படம் போடாமல் கணக்குப் போடாதீர்கள். வீடியோ பார்த்துப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை, உங்களுக்கு வரலாம்.

நம்ம ஊர் நீலகிரி மலை ரயிலையும் ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் தண்டவாளத்துக்கு இடையே, எஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏறும் பல்சட்டம் ஓடுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், டேன் மதிப்பு 0.08. இரும்புக்கு இரும்பு குணகம் 0.2 என்றே வைத்துக்கொள்வோம். 0.08-ஐ விட 0.2 பெரிது, பிறகு பல் எதற்கு? நான் இங்கே ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். விஷயம் இதுதான்: பிடிமானம் எஞ்சின் எடைக்கு மட்டும், ஏற்ற வேண்டியதோ பெட்டிகளையும் சேர்த்து. 0.2-ஐ 0.08ஆல் வகுத்தால் 2.5. எஞ்சினும் பெட்டியும் சேர்ந்த எடை எஞ்சின் எடையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் போகக்கூடாது. மழையில் குணகம் 0.1 ஆனால் 1.25 மடங்கு, பெட்டி மாட்டுவதே வீண். 1899இல் குன்னூர் வரை ரயில் விட்டவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் பல்லை வைத்திருப்பார்கள். குன்னூர் தாண்டினால் ஏற்றம் குறைவு, பல் கிடையாது.

கொண்டை ஊசி வளைவில் வழுக்காமல் போகும் உச்ச வேகத்தின் வர்க்கம் மியூ ஆர் ஜி (ஆர் என்பது வளைவின் ஆரம்) என்று வரும் கணக்கு வரைக்கும் எனக்குச் சிக்கல் இல்லை. சாய்வான வளைவில் உராய்வு உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதை மட்டும் இன்னமும் மூன்றுக்கு ஒன்று தப்பாகப் போடுகிறேன். அது பிடிபட்டவர்கள் யாராவது எழுதுங்கள்.