'மேலும்' இல்லாமல் எழுதிய ஓராண்டு

குரூப் 1 முதன்மைத் தேர்வின் முடிவு சென்ற வாரம் வெளிவந்து, நேர்முகத் தேர்வுக்கான பட்டியலில் என் பதிவெண்ணைக் கண்ட பிறகுதான் இதை எழுதும் துணிவு வந்தது. தமிழில் விடை எழுதுவோர் பலரும் பொருட்படுத்தாத இணைப்புச் சொற்களைப் பற்றி மட்டுமே சொல்லப்போகிறேன்.

முதல் முயற்சியில் தகவலுக்குப் பஞ்சமில்லை. சொந்த ஊர் மண்டபம் என்பதால், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைப் பற்றிக் கேட்டாலும் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றிக் கேட்டாலும் என்னால் பக்கம் பக்கமாக எழுத முடிந்தது. இருந்தும் தோற்றேன். பயிற்சிக்கு எழுதிய விடைகளை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டியபோது, அவர் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டே போனார். நான்கு பக்கங்களில் பத்தொன்பது 'மேலும்'. "தம்பி, அடுத்த செய்தி வருகிறது என்று மட்டும்தான் இந்தச் சொல் சொல்கிறது. முந்தைய செய்திக்கும் அதற்கும் என்ன உறவு என்பதை நீ எங்குமே சொல்லவில்லையே" என்றார்.

நான் எழுதியிருந்தது இது: "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. மேலும், இது மீன்களின் இனப்பெருக்கக் காலம். மேலும், மீனவர்களுக்கு நிவாரணம் வழங்கப்படுகிறது." திருத்தி எழுதியது இது: "மீன்களின் இனப்பெருக்கக் காலம் என்பதால் ஏப்ரல் 15 முதல் 61 நாள்களுக்கு விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை விதிக்கப்படுகிறது, அந்நாள்களில் வருவாய் இழக்கும் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் வழங்குகிறது." வாக்கியத்தின் தலையில் இணைப்புச் சொல் ஒன்றுகூட இல்லை, 'ஆல்' உருபும் 'இழக்கும்' என்ற பெயரெச்சமும் அந்த வேலையைச் செய்துவிட்டன. மழை பெய்தும் கண்மாய் நிறையவில்லை என்று எழுதினால் 'ஆனால்' எதற்கு? பயிற்சி மையம் ஒன்றில், ஆங்கிலப் பட்டியலை அப்படியே பெயர்த்துக் கொடுத்த முப்பது சொற்களை மனப்பாடம் செய்து வீணாக்கிய நாள்களை நினைத்தால் இன்றும் கசக்கிறது.

'எனவே' இன்னும் ஆபத்தானது. "1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. எனவே, அங்கு மக்கள் வாழவில்லை" என்று எழுதியிருந்தேன். அதே புயலில் சிக்கிய பாம்பன் இன்றும் ஊராகத்தானே இருக்கிறது? பாம்பன் பாலம் பழுதுபார்க்கப்பட்டதையும், தனுஷ்கோடிக்குச் சென்ற ரயில் பாதை மீண்டும் போடப்படாததையும், அவ்வூர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்ததையும் நான் விழுங்கியிருந்தேன். அந்த இடைவெளியை 'எனவே' மூடி மறைத்தது. அங்கு இன்றும் மீனவக் குடும்பங்கள் சில குடிசை போட்டு வாழ்வதைக் கண்ணால் பார்த்த நானே அப்படி எழுதினேன் என்பது கூடுதல் வெட்கம்.

அதன் பிறகு ஓராண்டு 'மேலும்' எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். அச்சொல் வரத் துடிக்கும் இடத்தில் பேனாவை நிறுத்தி, அடுத்து வருவது காரணமா, விளைவா, முரணா, எடுத்துக்காட்டா என்று கேட்டுக்கொள்வேன். நான்கில் எதுவும் இல்லையென்றால் அந்த வாக்கியத்தையே பெரும்பாலும் அடித்துவிடுவேன்.

சில குறிப்புகள்:

- 'ஏனெனில்' என்று பின்னால் காரணம் சொல்வதைவிட, காரணத்தை முதலில் வைத்து 'ஆதலால்' என்று முடிப்பது தமிழுக்கு இயல்பாக அமைகிறது.
- எனினும், ஆயினும், இருப்பினும் ஆகிய மூன்றுக்கும் வேலை ஒன்றே. மாற்றி மாற்றி எழுதுவதால் சிந்தனை வளராது.
- 'ஒருபுறம்' என்று தொடங்கினால் 'மறுபுறம்' வந்தே ஆக வேண்டும். நான் இருமுறை மறந்திருக்கிறேன்.
- 'குறிப்பாக', 'எடுத்துக்காட்டாக' ஆகியவற்றின் பின் வல்லினம் மிகும்: குறிப்பாகப் பாக் நீரிணை.

நான் இயல்பிலேயே மெதுவாக எழுதுபவன் என்பதால் எழுதும்போதே நிறுத்தி யோசிப்பது எனக்குப் பொருந்தியது. வேகமாக எழுதுவோர் எழுதி முடித்த பின் வட்டமிட்டுப் பார்க்கலாம். இப்பழக்கத்தால்தான் இம்முறை ஒரு தாளில் கடைசி வினாவைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இப்போது நேர்முகத் தேர்வுக்காக அக்காவிடம் பேசிப் பழகுகிறேன். நேற்றுப் பத்து நிமிடங்களில் ஏழு முறை 'மேலும்' சொன்னதாக அக்கா எண்ணி வைத்திருக்கிறார்.