கடைமடைக்கு முதலில் வடிகால்

தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்து நெல் விவசாயிகளோடு வேலை செய்கிறேன். பருவம் மாறிப்போச்சு என்று பேச்சு எடுத்தாலே கூட்டத்தில் முதலில் வரும் கேள்வி விதையைப் பற்றித்தான். வெள்ளம் தாங்குகிற ரகம் எது?

எங்களிடம் பதில் இருக்கிறது: சிஆர் 1009 சப்1. பழைய சிஆர் 1009 போலவே நீண்ட நாள் சம்பா நெல்தான். ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற நெல்லிலிருந்து எடுத்த சப்1 மரபணு கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. மற்ற நெல் மூழ்கினால் தண்ணீருக்கு மேலே எட்டிப்பார்க்க வேண்டும் என்று வேகவேகமாக வளரும். கையிருப்புச் சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்து அழுகிவிடும். சப்1 பயிர் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும். தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். சுமார் இரண்டு வாரம் தாங்கும்.

இதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா கேட்டார்: “ரெண்டு வாரம் தாங்கும்ங்கிறீங்க, சரி தம்பி. எங்க வயல்ல மூணு வாரமா தண்ணி நிக்குதே, அதுக்கு என்ன விதை இருக்கு?”

அதற்கு விதை இல்லை. அதற்கு வடிகால்தான் வேண்டும்.

எங்கள் பகுதி காவிரியின் கடைசி வால். பாசனத்துக்குத் தண்ணீர் கடைசியாக வருவதும் இங்கேதான், மேலே பெய்த மழையெல்லாம் கடலுக்குப் போகும் வழியில் வந்து தேங்குவதும் இங்கேதான். நிலம் தாழ்வு. கடல் ஏறி நிற்கும் நேரத்தில் முகத்துவாரத்தில் தண்ணீர் வெளியே போகாது. கதவணை சரியில்லாவிட்டால் உப்புத்தண்ணீர் உள்ளே வரும். இதற்காகத்தான், காவிரியின் கிளையான வெண்ணாறு பாயும் பகுதிக்கென்று வெண்ணாறு உபவடிநிலத் திட்டம் வந்தது. ஆசிய வளர்ச்சி வங்கி 2016-ல் பத்துக் கோடி டாலர் கடன் ஒதுக்கியது. அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு வடிகால் எல்லாம் அதில் அடக்கம். நல்ல வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் வயலிலிருந்து அந்த ஆறு வரைக்கும் தண்ணீரைக் கொண்டுபோகிற சின்ன வடிவாய்க்கால் இருக்கிறதே, அங்கேதான் எல்லாம் நின்றுபோகிறது. இடுப்பளவு ஆழம் இருந்த வாய்க்காலில் இன்று முழங்கால்கூட நனையாது. இரண்டு கரையிலும் காட்டாமணக்கு, நடுவில் ஆகாயத்தாமரை. அரிவாளால் வெட்டிப் பக்கத்திலேயே போட்டால் அடுத்த மழைக்கு மறுபடி வேர் விட்டுவிடும். வேரோடு பிடுங்கிக் கரைக்கு அப்பால் இழுத்துப் போட வேண்டும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள் என்பதால் தூர் வாருவது கோடையிலேயே நடக்கிறது. புரட்டாசிக்குள் ஆகாயத்தாமரை திரும்ப மூடிக்கொள்ளும். அதனால் மழைக்கு முன்னால் இரண்டாவது தடவை ஒரு சுத்தம் வேண்டும். நான் எந்த அதிகாரியைப் பார்த்தாலும் கேட்பது இதைத்தான்.

அப்புறம் விதைப்பு. ஆவணியில் புழுதியிலேயே நேரடியாக விதைத்தால் ஐப்பசி மழை வரும்போது பயிர் ஓரளவு உயரமாக, வேர் பிடித்து நிற்கும். ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருந்து தாமதமாக நட்ட பயிர்தான் முதலில் மூழ்குகிறது. தண்ணீர் வடிந்ததும் யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, பொட்டாஷ் சேர்த்துப் போட்டால் பயிர் தேறும்.

இத்தனையும் செய்தும் 2021 ஜனவரியில், அறுக்க வேண்டிய கதிர்மேல் மழை கொட்டியது. 2023 பிப்ரவரியிலும் அப்படியே. சாய்ந்த நெல் வயலிலேயே முளைத்தது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்தான் வரம்பு. அதைத் தளர்த்தும் ஆணை வரும்வரை விவசாயி நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தார். மழைக்காலமே தள்ளிப்போகிறபோது, களமும் உலர்த்தும் இயந்திரமும் ஊருக்கு ஊர் இருக்க வேண்டாமா?

இதில் ரொம்ப அடிபடுகிறவர்கள் குத்தகைக்காரர்கள். கோயில் நிலம், மடத்து நிலம் என்று வாய்மொழியாகச் சாகுபடி செய்கிறவர் பெயர் அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற ஊர்க் கணக்கில், ஏறுவதில்லை. காப்பீடு, நிவாரணம் இரண்டுக்கும் அடங்கல் வேண்டும். சம்பா காப்பீட்டுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. அதற்கு முன்பே, ஆவணி விதைப்போடு சேர்த்து, சாகுபடி செய்கிறவர் பெயரிலேயே அடங்கல் வாங்கும் வேலையை இந்த வருஷம் தொடங்கியிருக்கிறோம். உங்கள் ஊரில் இதைச் செய்து முடித்தவர்கள் இருந்தால், நில உரிமையாளரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.